பாதியின் பாதி: கடிகாரத்தினுள் எண்ணும் மின்சுற்று

கையில் கட்டிய குவார்ட்ஸ் கடிகாரத்தின் விநாடி முள் ஒருமுறை நகர்வதற்குள், அதனுள் இருக்கும் படிகம் 32,768 முறை துடித்து விடுகிறது. ஒரு நாளைக்கு இத்துடிப்புகள் 283 கோடிக்கு மேல் ஆகின்றன. இவற்றை ஒன்றுவிடாமல் எண்ணி, எண்ணிக்கை நிறைந்ததும் முள்ளை நகர்த்த ஆணையிடுவது நகத்தினும் சிறிய ஒரு சிலிக்கன் துண்டாகும். இரவும் பகலும் ஓயாத இவ்வேலைக்கு வேண்டிய மின்சாரத்தை, சட்டைப் பொத்தான் அளவேயுள்ள ஒரு மின்கலம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தருகிறது.

இவ்வளவு பெரிய கணக்கு இவ்வளவு சிறிய செலவில் முடிவது எங்ஙனம்? எண்ணும் சுற்று விரைவாக இயங்க வேண்டும். மின்சாரத்தையும் சிக்கனமாகச் செலவிட வேண்டும். இவ்விரண்டும் எளிதில் ஒத்துப்போவன அல்ல. விரைந்து ஓடுபவன் விரைவில் களைத்துப் போவது போலவே, விரைந்து இயங்கும் மின்சுற்றும் மின்கலத்தை விரைவில் வற்றச் செய்யும். இவ்விரு தேவைகளையும் பொறியியல் அறிஞர்கள் இணக்கிய முறை அறிந்து மகிழத் தக்கது. அதற்கு உயர் கணிதம் வேண்டுவதில்லை. பாதியாக்கத் தெரிந்தால் போதும்.

படிகத்தின் துடிப்பு

குவார்ட்ஸ் என்பது மணலிலும் பாறையிலும் காணப்படும் ஒரு கனிமம். அதன் படிகத்தை அழுத்தினால் பரப்புகளில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880-ம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களான ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டறிந்தனர். இதன் மறுதலையும் உண்மையே. படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது மிகச் சிறிதளவு வளைகிறது. தக்க மின்சுற்றில் இணைத்துவிட்டால், தன் வடிவத்துக்கும் அளவுக்கும் ஏற்ற ஒரே அதிர்வெண்ணில் அது இடைவிடாது அதிர்ந்துகொண்டிருக்கும். அசைவுகளாலும் உராய்வாலும் ஊசலின் ஆட்டம் கெடுவது போல இவ்வதிர்வு எளிதில் கெடுவதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் 1927-ம் ஆண்டில் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தார். வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அக்காலத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கையில் கட்டுவது இருக்கட்டும், மேசை மீது வைப்பதும் எளிதாக இல்லை.

இன்றைய கைக்கடிகாரத்தில் உள்ள படிகம் இசைக்கவையின் வடிவில் வெட்டப்பட்டிருக்கும். 32,768 என்ற எண் தற்செயலாக அமைந்ததன்று. ஒன்றை இரட்டித்து, கிடைத்ததை மீண்டும் இரட்டித்து, இவ்வாறு 15 முறை செய்தால் கிடைப்பது 32,768. ஆகவே அதை 15 முறை பாதியாக்கினால் ஒன்றே எஞ்சும். அதுவே விநாடிக்கு ஒரு துடிப்பு. அதிர்வெண் இதைவிட மிகக் குறைந்தால் படிகம் பெரிதாக வேண்டியிருக்கும். மனிதர் காதுக்கு எட்டும் ஒலியாகவும் அது மாறும். மிகக் கூடினால் மின்செலவு பெருகும். இடைப்பட்ட நல்லதோர் இடத்தில் 32,768 நிற்கிறது.

நான்கு மாணவர்

பாதியாக்கும் சுற்று எவ்வாறு வேலை செய்கிறது என்பதை வகுப்பறையில் ஒரு விளையாட்டாகவே காட்டலாம். நான்கு மாணவர் வரிசையாக நிற்கட்டும். பார்ப்பவரின் வலக்கோடியில் நிற்பவன் முதல்வன். அவனை அடுத்து இரண்டாமவன், மூன்றாமவன், நான்காமவன். தொடக்கத்தில் எல்லோருடைய கையும் தாழ்ந்திருக்கும். ஆசிரியர் கைதட்டும்போதெல்லாம் முதல்வன் தன் கையின் நிலையை மாற்ற வேண்டும். தாழ்ந்திருந்தால் உயர்த்த வேண்டும். உயர்ந்திருந்தால் தாழ்த்த வேண்டும். மற்ற மூவரும் கைதட்டலைக் கவனிக்க வேண்டுவதில்லை. ஒவ்வொருவனும் தனக்கு முந்தியவனை மட்டும் பார்த்திருந்து, அவன் கையைத் தாழ்த்தும் போது மட்டும் தன் நிலையை மாற்றினால் போதும்.

முதல்வன் உயர்த்திய கைக்கு மதிப்பு 1, இரண்டாமவன் கைக்கு 2, மூன்றாமவன் கைக்கு 4, நான்காமவன் கைக்கு 8 எனக் கொள்க. ஐந்து முறை கைதட்டிய பின் பார்த்தால் முதல்வன் கையும் மூன்றாமவன் கையும் மட்டும் உயர்ந்திருக்கும். நான்கும் ஒன்றும் ஐந்து. பதினைந்தாம் தட்டலில் எல்லாக் கைகளும் உயர்ந்து நிற்கும். பதினாறாம் தட்டலில் எல்லாம் தாழ்ந்துவிடும். யாரும் வாய்விட்டு எண்ணவில்லை. ஆயினும் வரிசை எண்ணிவிட்டது.

இன்னொன்றையும் உற்று நோக்க வேண்டும். முதல்வன் இரண்டு தட்டலுக்கு ஒருமுறை கையை உயர்த்தித் தாழ்த்துகிறான். இரண்டாமவன் நான்குக்கு ஒருமுறை. மூன்றாமவன் எட்டுக்கு ஒருமுறை. நான்காமவன் பதினாறுக்கு ஒருமுறை. ஒவ்வொருவனும் தனக்கு முந்தியவனின் வேகத்தைப் பாதியாக்குகிறான். பதினைந்து மாணவரை நிறுத்தினால், 32,768 தட்டலுக்கு ஒருமுறைதான் கடைசி மாணவனின் கை உயர்ந்து தாழும். கைக்கடிகாரத்தில் நடப்பது இதுவே.

மாணவனுக்கு ஈடாக மின்சுற்றில் இருப்பதை இருநிலைச் சுற்று எனலாம். ஆங்கில வழக்கில் இதனைப் பிளிப்-பிளாப் என்பர். உயர்ந்த நிலை, தாழ்ந்த நிலை ஆகிய இரண்டில் ஒன்றில் அது நிற்கும். துடிப்பு வந்து தள்ளும் வரை அந்நிலையை விட்டு மாறாது.

துகள்களை எண்ணிய கருவி

இருநிலைச் சுற்றுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் எக்கிள்ஸ், ஜோர்டன் என்னும் இருவர் 1918-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினர். இரண்டு வெற்றிடக் குழாய்களை, ஒன்று மின்னோட்டத்தைக் கடத்தும்போது மற்றது அடைபடுமாறு அவர்கள் பிணைத்தனர்.

இவ்வகைச் சுற்றுகளை வரிசையாக அடுக்கி எண்ணும் தேவை அணு ஆராய்ச்சியில் எழுந்தது. கேம்பிரிட்ஜின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கப் பொருள்களிலிருந்து பாயும் துகள்களை எண்ண வேண்டியிருந்தது. துகள்கள் அடுத்தடுத்து விரைந்து வந்தபோது, சக்கரங்களால் இயங்கிய எண்ணு கருவி அவற்றுக்கு ஈடுகொடுக்க இயலாமல் சிலவற்றைத் தவறவிட்டது. அங்குப் பணியாற்றிய வின்-வில்லியம்ஸ், தைரட்ரான் என்னும் வாயுக் குழாய்களைக் கொண்டு இரண்டிரண்டாக எண்ணும் சுற்றுகளை அமைத்து, 1932-ம் ஆண்டில் அதனை வெளியிட்டார். இத்தகைய சுற்றுகளில் ஐந்தினை அடுக்கினால் 32 துகள்களுக்கு ஒருமுறை மட்டுமே சக்கரம் நகர வேண்டும். விரைவு தேவைப்பட்டது முன் வரிசையில் மட்டுமே. பின்னால் நின்ற சக்கரம் மெல்ல நடந்தாலும் கணக்குப் பிசகவில்லை. பிற்காலத்துக் கடிகாரங்களுக்கு உதவிய உண்மையும் இதுதான்.

குவார்ட்ஸைக் கைக்குக் கொண்டுவரும் முயற்சி 1960-களில் சுவிட்சர்லாந்திலும் ஜப்பானிலும் நடந்தது. நியூஷாட்டெல் நகரில் அமைந்த மின்னணுக் கடிகார ஆய்வு நிலையம் 1967-ம் ஆண்டில் மாதிரிக் கடிகாரங்களை உருவாக்கியது. 1969-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் நாள் தோக்கியோவில் செய்க்கோ நிறுவனத்தின் 'ஆஸ்ட்ரான்' கடிகாரம் விற்பனைக்கு வந்தது. விலை 450,000 யென். அதன் படிகம் விநாடிக்கு 8,192 முறை துடித்தது. இவ்வெண்ணும் இரண்டை அடுக்கி வந்ததே. 13 முறை பாதியாக்கினால் ஒன்றாகும்.

செலவின் கணக்கு

சிக்கனத்துக்கு வழி திறந்தது ஒரு புதிய டிரான்சிஸ்டர் அமைப்பு. பேர்சைல்டு நிறுவனத்தைச் சேர்ந்த பிராங்க் வான்லாஸும் சீ-டாங் சாவும் 1963-ம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தனர். சீமாஸ் என வழங்கும் இவ்வமைப்பில், எதிரெதிர்க் குணமுடைய இரு டிரான்சிஸ்டர்கள் இணையாக வேலை செய்கின்றன. ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். ஆகையால் சுற்று ஒரு நிலையில் அமைதியாக நிற்கும்போது மின்னோட்டம் பாய வழியில்லை. கசிந்து போகும் சிறு அளவைத் தவிர வேறு செலவும் இல்லை. நிலை மாறும்போதுதான் செலவு நேர்கிறது.

அச்செலவை ஒரு குடத்தைக் கொண்டு விளக்கலாம். சுற்றின் ஒவ்வொரு கம்பியும் சிறிதளவு மின்னூட்டத்தைக் கொள்ளும் குடம் போன்றது. நிலை உயரும்போது மின்கலத்திலிருந்து குடம் நிரம்புகிறது. தாழும்போது அது தரையில் கொட்டப்படுகிறது. குடம் எவ்வளவு பெரிதோ, மின்னழுத்தம் எவ்வளவு உயர்ந்ததோ, விநாடிக்கு எத்தனை முறை நிரப்பிக் கொட்டப்படுகிறதோ அவ்வளவுக்குச் செலவாகும். இவற்றுள் மின்னழுத்தத்துக்கு மட்டும் இரட்டைப் பங்கு உண்டு. அதைப் பாதியாக்கினால் செலவாகும் ஆற்றல் கால் பங்காகக் குறைகிறது.

இனி மாணவர் வரிசைக்குத் திரும்பலாம். துடிப்பைக் கொண்டுவரும் கம்பியின் செலவை ஒன்று எனக் கொள்க. முதல் இருநிலைச் சுற்று அதன் பாதி வேகத்தில் இயங்குவதால் அதன் செலவு அரை. அடுத்தது கால். அதற்கடுத்தது அரைக்கால். பின்னர் வீசம், அரைவீசம் எனத் தேய்ந்துகொண்டே போகும். தமிழில் பின்னங்களுக்கு வழங்கும் பெயர்களே இச்சுற்றுகளின் செலவுப் பட்டியலாக அமைவதைக் காணலாம். ஒன்றும் அரையும் காலும் அரைக்காலும் வீசமும் என எவ்வளவு கூட்டிக்கொண்டே போனாலும் மொத்தம் இரண்டைத் தொடாது. பதினைந்து சுற்று அடுக்கினாலும் ஐம்பது அடுக்கினாலும் செலவு இரண்டுக்குள் அடங்கும்.

இதிலிருந்து பெறப்படும் மற்றொரு முடிவு வியப்பானது. துடிப்புக் கம்பி, முதல் மூன்று சுற்றுகள் ஆகிய நான்கு இடங்களின் செலவைக் கூட்டினால் ஒன்றே முக்கால் அரைக்கால் ஆகிறது. இது மொத்தமான இரண்டில் பதினாறில் பதினைந்து பங்கு. பின்னால் உள்ள சுற்றுகள் அனைத்தும் சேர்ந்து செலவிடுவது மொத்தத்தில் வீசம் பங்கு மட்டுமே. ஆகவே கடைசி மாணவனை எவ்வளவு சிக்கனமாக்கினாலும் பயன் சிறிதே. முன்னணியில் நிற்பவர்களிடமே முழுக் கவனமும் செலுத்த வேண்டும்.

தாமதமும் தவறும்

இவ்வளவு சிக்கனமான முறைக்கு ஒரு குறை உண்டு. ஏழு தட்டல் முடிந்த நிலையில் முதல் மூவரின் கைகள் உயர்ந்திருக்கும். எட்டாம் தட்டலில் முதல்வன் கையைத் தாழ்த்துகிறான். அந்தக் கணத்தில் வரிசையைப் பார்த்தால் ஆறு எனத் தெரியும். அதைக் கண்டு இரண்டாமவன் தாழ்த்துகிறான், இப்போது நான்கு. பிறகு மூன்றாமவன் தாழ்த்த, ஒன்றுமில்லை எனத் தோன்றும். கடைசியில் நான்காமவன் உயர்த்திய பின்னரே எட்டு என்ற சரியான விடை கிடைக்கிறது. மாற்றம் ஒருவனிடமிருந்து ஒருவனுக்கு அலை போலப் பரவுவதால் நேரும் தாமதம் இது. இடையில் எட்டிப் பார்ப்பவருக்குப் பொய்யான எண்ணே தெரியும்.

கடிகார முள்ளுக்கு இதனால் தீங்கில்லை. அதற்கு வேண்டியது கடைசி மாணவனின் கை மட்டுமே. அது சிறிது தாமதமாக உயர்ந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே அளவு தாமதமாகவே உயர்வதால் விநாடியின் நீளம் மாறாது. துடிப்பு மிக விரைந்து வந்து, ஓர் அலை வரிசையைக் கடந்து முடிவதற்குள் அடுத்த அலை தொடங்கிவிட்டாலும் வகுத்தல் பிழையாவதில்லை. முதல்வன் மட்டும் துடிப்புக்கு ஈடுகொடுத்தால் போதும். ஆனால் எண்ணியில் உள்ள இலக்கங்கள் அனைத்தையும் ஒரே சமயத்தில் ஒரு கணிப்பொறி படிக்க வேண்டுமாயின் நிலைமை வேறு. ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் நான்கு எனப் படித்துவிட்டால் அதன் விளைவு பெரிதாக இருக்கலாம். இக்காரணத்தால் இத்தகைய எண்ணிகளை இருமுறை படித்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே ஏற்கும் வழக்கம் உண்டு.

தவறே நேராத முறை ஒன்றும் உள்ளது. எல்லா மாணவரும் கைதட்டலைக் கேட்க வேண்டும். தனக்கு முந்தியவர் அனைவருடைய கைகளும் உயர்ந்திருக்கின்றனவா என ஒவ்வொருவனும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வான். உயர்ந்திருந்தால் அடுத்த தட்டலில் தன் நிலையை மாற்றுவான்; இல்லையேல் அசையாது நிற்பான். மாற வேண்டியவர் எல்லோரும் ஒரே சமயத்தில் மாறுவதால் இடையில் பொய் எண் தோன்றாது. இதனை ஒருங்கியங்கும் எண்ணி எனலாம்.

ஆனால் இதன் செலவு மிகுதி. பதினைந்து பேரும் ஒவ்வொரு தட்டலையும் கேட்கின்றனர். துடிப்புக் கம்பி ஒரு குடத்துக்குப் பதிலாகப் பதினைந்து குடங்களை ஒவ்வொரு முறையும் நிரப்பிக் கொட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான தட்டல்களில் ஒருமுறை மட்டுமே அசையும் கடைசி மாணவனும் எல்லாத் தட்டலுக்கும் விழித்திருக்கிறான்.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். மின்கலம் 28 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் எனவும், மின்னழுத்தம் 1.5 வோல்ட் எனவும், ஒவ்வொரு குடமும் 1 பிக்கோபாரட் எனவும், படிகத்துக்கும் முள்ளை நகர்த்தும் மோட்டாருக்கும் 1 மைக்ரோ ஆம்பியர் வேண்டும் எனவும் கொள்க. அலைமுறை எண்ணிக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோ ஆம்பியர் செலவாகும். மின்கலம் ஏறத்தாழ மூன்றாண்டு நீடிக்கும். ஒருங்கியங்கும் எண்ணிக்கு ஏறத்தாழ 0.8 மைக்ரோ ஆம்பியர் செலவாகும். அதே மின்கலம் ஓராண்டு ஒன்பது மாதங்களில் தீர்ந்துவிடும்.

இணக்கும் வழிகள்

விரைவும் சரியான விடையும் சிக்கனமும் ஒருங்கே வேண்டுவோர் இரண்டு முறைகளையும் கலந்து பயன்படுத்துகின்றனர்.

முதல் வழி, வேலையில்லாதவனை உறங்க விடுவது. முதல் மூவரை மட்டும் ஒருங்கியங்கச் செய்து, பின்னவர்களுக்கு எட்டுத் தட்டலுக்கு ஒருமுறை மட்டும் துடிப்பை அனுப்பலாம். மாற்றம் தேவைப்படாத வேளையில் துடிப்பு அவர்களைச் சென்றடையாதபடி வழியில் ஒரு கதவு அடைத்துவிடும். பின்னவர்கள் தம் அடுத்த நிலையைத் தீர்மானிக்க எட்டுத் துடிப்பு நேரம் கிடைக்கிறது. ஆகவே அவர்களுக்கு விரைவான, செலவு மிக்க சுற்று தேவைப்படாது.

இரண்டாவது வழி, அலைமுறையாகவே எண்ணவிட்டு, முடிவில் மட்டும் ஒரு காவலனை நிறுத்துவது. மூலத் துடிப்பை நேரே கேட்கும் ஓர் இருநிலைச் சுற்று, கடைசி மாணவனின் கையைப் பார்த்து, அடுத்த துடிப்பு வரும் அக்கணத்திலேயே அதனை வெளியே அறிவிக்கும். வழியில் ஏற்பட்ட சிறு தடுமாற்றங்கள் அங்கேயே அழிந்துவிடும். ஒரே ஒரு சுற்று மட்டும் கூடுதலாக விழித்திருப்பதால் செலவு அதிகம் கூடாது.

மூன்றாவது வழி, இடத்துக்கு ஏற்ற சுற்றைத் தேர்ந்துகொள்வது. யுவான், ஸ்வென்சன் என்னும் அறிஞர்கள் சுவீடனில் உருவாக்கி 1989-ம் ஆண்டில் விரிவாக எழுதிய ஒருவகை இருநிலைச் சுற்று, மிகச் சில டிரான்சிஸ்டர்களால் ஆனது, ஆகையால் விரைவானது, ஒரே துடிப்புக் கம்பியால் இயங்குவது. அது தன் நிலையை ஒரு சிறு மின்னூட்டமாகவே நினைவில் வைத்திருக்கும். துடிப்பு நெடுநேரம் வராவிட்டால் அம்மின்னூட்டம் கசிந்து, நினைவு அழிந்துபோகும். ஆகவே துடிப்பு ஓயாது வரும் முன் வரிசைக்கு அது பொருத்தமானது. மெல்ல மாறும் பின் வரிசைக்கு நிலையை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் சுற்றே ஏற்றது.

மின்னழுத்தத்தைக் குறைப்பது நான்காவது வழி. செலவை மிக விரைவாகக் குறைப்பது இதுவே. எனினும் மின்னழுத்தம் குறையக் குறைய டிரான்சிஸ்டர் மந்தமாகும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை வரிசையின் முதல்வனே முடிவு செய்கிறான். அவன் துடிப்புக்கு ஈடுகொடுக்கும் வரை குறைக்கலாம்.

எல்லையை நோக்கி

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் 2019-ம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கைக்கடிகாரம் ஆண்டுக்கு ஒரு விநாடிக்கு மேல் பிசகாதது என அறிவிக்கப்பட்டது. அதன் படிகம் விநாடிக்கு 8,388,608 முறை துடிக்கிறது. இது வழக்கமான கடிகாரத்தைவிட 256 மடங்கு. ஒன்றாக்குவதற்கு 23 முறை பாதியாக்க வேண்டும்.

மேலே கூறிய எடுத்துக்காட்டின் குடமும் மின்னழுத்தமும் மாறாதிருந்தால், அலைமுறையில் எண்ணினால் கூட அம்மின்கலம் ஏறத்தாழ 46 நாளில் வற்றிவிடும். அச்செலவில் 256-ல் 255 பங்கு துடிப்புக் கம்பியிலும் அடுத்து வரும் ஏழு சுற்றுகளிலுமே நேரும். எனவே அத்தகைய கடிகாரம் நெடுநாள் ஓட வேண்டுமானால், முன்னணிச் சுற்றுகளின் குடம் மிகச் சிறிதாக வேண்டும். மின்னழுத்தமும் தாழ வேண்டும். ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் அமைப்பும் அக்கடிகாரத்துக்கு உதவுகிறது.

சிக்கனம் என்றால் எல்லோரும் குறைவாக உழைப்பது எனப் பொருள்படாது. விரைவு வேண்டிய இடத்தில் முழு விரைவையும் கொடுத்து, வேண்டாத இடத்தில் அசையாதிருக்கச் செய்வதே அது. வரிசையின் முதல்வன் ஓயாது உழைக்கிறான். கடைசி மாணவன் விநாடிக்கு ஒருமுறை கையை உயர்த்தித் தாழ்த்துகிறான். அவரவர் இடத்துக்கு உரிய அளவு மட்டும் உழைப்பதால்தான் பொத்தானளவு மின்கலம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அடுத்த முறை விநாடி முள் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குத் தாவும்போது, பதினைந்து முறை பாதியாக்கப்பட்ட ஓர் எண் அங்கே ஒன்றாகி நிற்பதைக் காணலாம்.